அறிவாலயத்தில் முடிந்த தேர்வு

தஞ்சாவூர் மக்களவைத் தொகுதியில் ஆறு முறை வென்றவர் எஸ்.எஸ்.பழநிமாணிக்கம். 2024-இல் தி.மு.க. வெளியிட்ட பட்டியலில் அவர் பெயர் இல்லை. புதுமுகமான முரசொலி நிறுத்தப்பட்டார், வென்றும் விட்டார். மாற்றத்தில் நமக்குக் குறையில்லை. ஆனால் அதை முடிவு செய்தது யார்?

நியூயார்க்கில் பத்து முறை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஜோ கிரௌலியை, 2018-இல் 28 வயது ஒகாசியோ-கோர்டெஸ் சொந்தக் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலிலேயே வீழ்த்தினார். அங்கே தீர்ப்புச் சொன்னது கட்சி வாக்காளர்கள். இங்கே விருப்ப மனு, கட்டணம், நேர்காணல், கடைசியில் தலைமையின் அறிவிப்பு. அ.தி.மு.க.விலும் இதே கதைதான். 2014-இல் காங்கிரஸ் சில தொகுதிகளில் உட்கட்சி வாக்கெடுப்பு நடத்திப் பார்த்தது, அத்தோடு சரி.

அதே தஞ்சாவூர் தொகுதியில் பேராவூரணிக் கடைமடை விவசாயிக்கு வேட்பாளரிடம் கேட்கக் கேள்விகள் உண்டு. 2023-இல் தண்ணீர் இல்லாமல் குறுவை கருகியபோது உங்கள் கட்சி டெல்லியில் என்ன செய்தது? ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திருப்புகிறார்கள். மழைக்கு மழை தளர்வு கேட்டு மத்திய அரசிடம் கையேந்துவதற்கு முடிவு எப்போது?

இருப்பவரும் வர விரும்புபவரும் பட்டுக்கோட்டையில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில், கட்சிக்காரர்கள் முன்னால் இவற்றுக்குப் பதில் சொல்லட்டும். பிறகு கட்சி ஒன்றியவாரியாக வாக்குப்பெட்டி வைக்கட்டும். பணம் புகுந்துவிடும் என்பார்கள். இப்போது மட்டும் புகாமலா இருக்கிறது? 2029 மக்களவைத் தேர்தலுக்கு முன் ஒரே ஒரு தொகுதியிலாவது இதைச் செய்து பார்க்க எந்தக் கட்சி தயார்?