சாமி இல்லாமல் ஊர் கூடாதா?

நாம் பிரசாரத்திற்குச் செல்லும் ஊர்களிலெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "சாமி வேண்டாம், தேர் வேண்டாம், திருவிழா வேண்டாம் என்கிறீர்களே, அவைகளும் போய்விட்டால் கிழவரும் குழந்தையும் ஒன்றுகூடிச் செய்வதற்கு ஊரில் வேறு என்ன இருக்கிறது?" என்கிறார்கள். கேட்பவர்களில் பலர் வம்புக்காகக் கேட்பவர்களல்லர், உண்மைக் கவலையோடு கேட்பவர்கள். ஆகவே பதில் சொல்வது நமது கடமையாகும்.

முதலாவது, திருவிழா ஊரைக் கூட்டுகிறது என்பதே பாதிப் பொய்யாகும். தேரைச் செதுக்கிய தச்சன் யார்? சக்கரத்திற்குப் பட்டை அடித்த கொல்லன் யார்? வடம் திரித்தவன் யார்? எல்லோரும் பாடுபடும் மக்களே. மேலே உட்கார்ந்து வருவதோ ஒரு பொம்மையும் அதற்கு ஒரு அர்ச்சகரும்! இழுக்கிற உரிமையாவது எல்லோருக்கும் உண்டா? சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் வடத்தைத் தொடும் உரிமைக்காக ஆதிதிராவிடத் தோழர்கள் கோர்ட்டு ஏற வேண்டியிருந்தது. பல வருஷம் ஓடாமல் நின்ற அத்தேர் 2024-ல் ஓடியபோதும் போலீஸ் பந்தோபஸ்தோடுதான் ஓடிற்று. இதற்குப் பெயரா ஊர் கூடுவது?

நிற்க, கடவுளும் புரோகிதரும் இல்லாமலே மக்கள் கூடி ஒரு பெருங்காரியம் செய்ததற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு உதாரணம் சொல்லுகிறோம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வெள்ளநீர் வடிய ஒரு சிமெண்டு வாய்க்கால் இருக்கிறது. ஜூடி பாக்கா என்ற ஓவியப் பெண்மணி, 1976 முதல் 1983 வரை ஐந்து கோடைகாலங்களில், 400-க்கு மேற்பட்ட இளைஞர்களைக் கொண்டு அதன் சுவரில் 2,754 அடி நீளத்திற்குச் சித்திரம் எழுதச் செய்தார். பல இனத்துப் பிள்ளைகள். சிலர் போலீசில் அகப்பட்டவர்கள். படித்தவர்களும் அக்கம்பக்கத்துக் குடும்பத்தாரும் பழைய சங்கதிகளைச் சொன்னார்கள். பிள்ளைகள் சாயம் தீட்டினார்கள்.

எதைத் தீட்டினார்கள்? ராஜாக்களின் பட்டாபிஷேகத்தையா? இல்லை. ரயில் பாதை போட்ட சீனத் தொழிலாளிகளையும், 1930-களில் விரட்டப்பட்ட மெக்சிகோ இனத்தாரையும், இரண்டாவது யுத்தகாலத்தில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய இனத்தாரையும் தீட்டினார்கள். அதாவது, பள்ளிப் புத்தகம் மறைத்த தங்கள் பாட்டன் பாட்டிகளின் கதையைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். இதனால் அங்கே நிறத்திமிர் ஒழிந்துவிட்டதென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால், ஒருவரையொருவர் சந்தேகித்த பிள்ளைகள் ஒரே சாரத்தில் நின்று வேலை செய்ய ஒரு சாமியும் தேவைப்படவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

நம் நாட்டிலும் சுவர் இல்லாமல் இல்லை. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் 1989-ல் ஜாதிக்காகவே ஒரு சுவர் எழுப்பினார்கள். 2008 மே மாதத்தில்தான் அதில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. மனிதனைப் பிரிக்கச் சுவர் கட்டத் தெரிந்த நமக்கு, மனிதனைச் சேர்க்க ஒரு சுவரில் படம் எழுதத் தெரியாதா?

ஆகவே தோழர்களே! வருகிற பொங்கலுக்கு உங்கள் ஊரில், உடையவர் சம்மதத்தோடு, ஒரு சுவரைத் தேர்ந்தெடுங்கள். சுண்ணாம்பு, காவி, நீலம், அடுப்புக்கரி போதும். ஆனால் நான்கு நிபந்தனைகள் உண்டு. சேரியும் ஊரும் சேர்ந்தே எழுத வேண்டும். சாயம் கரைக்கவும் தாகத்திற்குக் குடிக்கவும் எல்லோருக்கும் ஒரே குடத்துத் தண்ணீர். பெண்களைச் சட்டி கழுவ நிறுத்தாமல் கையில் தூரிகை கொடுக்க வேண்டும். மூலையில் "உபயம்" என்று எந்தப் பெரிய மனிதர் பெயரும் வரக்கூடாது. ஊர்க் கிணற்றை வெட்டியவர் யார், அதில் தண்ணீர் எடுக்கக்கூடாதென்று தடுக்கப்பட்டவர் யார் என்பதைப் பெரியவர்கள் சொல்லட்டும். பிள்ளைகள் அதை எழுதட்டும்.

இவற்றில் எந்த நிபந்தனைக்கு உங்கள் ஊரில் முதலில் ஆட்சேபணை கிளம்புகிறதோ, அங்கேதான் உங்கள் ஊரின் நோய் இருக்கிறதென்று அறிந்துகொள்ளுங்கள். சாமியில்லாமல் ஊர் கூடிற்றா இல்லையா என்பதைச் செய்து பார்த்துவிட்டு நமக்கு எழுதுங்கள்.