தோட்டத்துக்கு வராத 399 ரூபாய்

போன மாசம் பொண்ணு கோயமுத்தூர்ல இருந்து லேப்டாப்போட வந்தா. பத்து நாள் இங்கிருந்தே வேலை பார்க்கிறதா ஏற்பாடு. மூணாம் நாளே, "அப்பா, மீட்டிங்ல பாதியில அறுந்து போகுதுப்பா"ன்னு பஸ் ஏறிட்டா.

பாலசமுத்திரம் ஊருக்குள்ள ஃபைபர் இருக்கு. நாங்க குடியிருக்கிறது தோட்டத்துல. கேட்டுப் பார்த்தேன். மாச வாடகை ஊருக்குள்ள இருக்கிற அதே வாடகைதானாம். கம்பம் நட்டு வயர் இழுக்கிற செலவு மட்டும் நம்முதாம். அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு வாங்கிடலாம்ங்க.

இணையம் மலிவாயிடுச்சுன்னு சொல்றது பொய்யில்ல. பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்த புதுசுல, செம்புக் கம்பி போன் லைன்ல 250 ரூபாய்க்கு மாசம் 400 எம்பி. 500 ரூபாய் திட்டத்துல ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 வரைக்கும் இலவசம்னு பிறகு ஒண்ணு வந்துச்சு. (எங்களுக்கு மோட்டார் கரண்டும் பெரும்பாலும் அந்த நேரந்தான். ஒரே முழிப்புல ரெண்டு வேலை!) 2020-ல் அதே பிஎஸ்என்எல் ஃபைபர்ல 449 ரூபாய்க்கு 3300 ஜிபி கொடுத்துச்சு. கணக்குப் போட்டா எட்டாயிரம் மடங்குக்கு மேல. அதே வருசம் ஜியோ 30 எம்பிபிஎஸ் வேகத்தை 399-க்கு இறக்குச்சு.

ஆனா இந்த மலிவெல்லாம் கம்பி வந்த வீட்டுக்குத்தான். கம்பியே வேண்டாம், கூரையில ஒரு டப்பா போதும்னு 2023 செப்டம்பர்ல ஜியோ ஏர்ஃபைபர் வந்தப்போ ஆரம்ப விலை 599. வேகம் அதே 30. அளவு 1000 ஜிபி. டிவி சேனல், சினிமா ஆப் எல்லாம் அதுல சேர்த்தி. நமக்கு அதெல்லாம் எதுக்கு? 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா 706 ரூபாய் 82 காசு. அதுவும் டவர் சிக்னல் தென்னந்தோப்பைத் தாண்டி வந்தாத்தான்.

உங்க அபார்ட்மென்ட் வாசல்ல மூணு கம்பெனிக்காரங்க போட்டி போடுவாங்க, விலை இறங்கும். தனி வீட்டுக்கு ஒருத்தர்கூட வரமாட்டாங்க. பாரத்நெட்டுல தமிழ்நாட்டுக்கு எடுத்த கணக்கு 12,525 கிராம ஊராட்சி. எங்க ஊர் பேரூராட்சி. அந்தக் கணக்குலயே இல்ல. ஊராட்சியா இருந்தாலும் இழை ஆபீஸ் வரைக்கும் வந்து நின்னுக்கும், அது வேற கதை.

கிணத்து மோட்டார் வரைக்கும் மின்வாரியக் கம்பம் வந்திருக்கு. அதே கம்பத்துல அரசாங்கமே ஒரு இழையைக் கட்டிவிட்டு, மாச வாடகையை எங்ககிட்ட வாங்கிக்கட்டும். இலவசமா கேட்கல. 449-ஓ 500-ஓ, கொய்யா வித்த காசுல கட்டிடுவோம்.

பொண்ணு பொங்கலுக்கு வர்றா. இந்தத் தடவை லேப்டாப் கொண்டு வரலையாம்.