எல்.கே.ஜி. வகுப்பில் எதற்குப் பனிமனிதன்?

டிசம்பர் பிறந்தால் நம்மூர் நர்சரிப் பள்ளிகள் பலவற்றின் சுவரில் ஒரு பனிமனிதன் வந்து நின்றுவிடுவான். பஞ்சு உருட்டி ஒட்டிய உடம்பு, கேரட் போல வெட்டிய ஆரஞ்சு மூக்கு, கழுத்தில் ஒரு கம்பளித் துணி. பக்கத்திலேயே ‘சீசன்ஸ்’ சார்ட் தொங்கும். வட்டத்தை நான்காகப் பிரித்து ஒன்றில் பூ, ஒன்றில் சூரியன், ஒன்றில் உதிரும் சிவப்பு இலை, ஒன்றில் பனிப்பொழிவு. ஜன்னலுக்கு வெளியே வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். வட்டத்தில் மழைக்கு இடமே இருக்காது.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. சென்னை போன்ற கடலோர மாவட்டங்களில் இந்தப் பங்கு இன்னும் கூடுதல். நான்கு வயதுக் குழந்தை தன் உடம்பால் அறிந்த மிகப் பெரிய வானிலை அனுபவம் இந்த மழைதான்: ரெயின்கோட் வாசனை, ஆட்டோவின் படுதா, வாசலில் தேங்கிய தண்ணீர், கரண்ட் போன இரவு, தவளைச் சத்தம், மறுநாள் லீவு. இத்தனையையும் வீட்டில் விட்டுவிட்டு வகுப்புக்கு வந்தால் அங்கே பஞ்சும் பசையும் காத்திருக்கின்றன.

ஆசிரியைகளைக் குறைசொல்லிப் பயனில்லை. வெட்டி ஒட்டுவதற்கான படங்கள் இணையத்தில் தயாராகக் கிடைக்கின்றன. பெரும்பாலும் குளிர்நாட்டு மழலையர் வகுப்புகளுக்காக வரையப்பட்டவை. டொரன்டோவில் ஒரு குழந்தை காலையில் பனியை மிதித்து வந்து பலகையில் பனிப் படத்தை மாட்டினால், அது பார்த்ததைப் பதிவு செய்கிறது. ஊட்டி போன்ற மலையூர்களில் புல்வெளி உறைபனியில் வெளுப்பதைத் தவிர வேறு பனி பார்க்க வழியில்லாத மாநிலத்தில், அதே படம் ஆண்டு முழுக்க யாரும் தொடாத அட்டையாகக் கிடக்கிறது. பென்குயினையும் டைனோசரையும் நேரில் பார்க்காமலே குழந்தைகள் நேசிக்கிறார்கள். பனியையும் நேசிக்கட்டும், கதைப் புத்தகத்தில் தாராளமாகப் பெய்யட்டும். தினமும் வானத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டிய பலகையில் மட்டும் அதற்கு வேலையில்லை.

இலையுதிர்காலமும் இப்படித்தான். அக்டோபரில் சிவப்புக் காகிதத்தை இலையாக வெட்டி ஒட்டவைக்கிறார்கள். இங்கே வேம்பும் புங்கமும் இலையைக் கொட்டித் தீர்ப்பது மாசி, பங்குனியில். தெருவோரத்து நாட்டு வாதுமை மரத்தைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், அதன் பெரிய இலைகள் உதிர்வதற்கு முன் கருஞ்சிவப்பாக மாறும். பிப்ரவரியில் நடைபாதையில் கிடக்கும் அந்த இலைகளைப் பொறுக்கிவந்து நிறவாரியாக அடுக்கினால் பச்சை, மஞ்சள், சிவப்பு, பழுப்பு என்று நிறப் பாடமே நடந்துவிடும். காகிதம் வாங்கும் செலவும் மிச்சம்.

அதற்காகக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகளையும் மூன்று வயதுப் பிள்ளையை ஒப்பிக்கவைக்கப் புறப்பட வேண்டாம். நான்கை ஒப்பிப்பதும் ஆறை ஒப்பிப்பதும் ஒரே தவறுதான். ஓராண்டின் சுழற்சி அந்த வயதுக்குப் பிடிபடாது. இன்றைய வெயிலும் இப்போது அடிக்கும் காற்றும் பிடிபடும்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1920-களில் குழந்தைகளிடம் உட்கார்ந்து காற்று எங்கிருந்து வருகிறது, மேகம் எப்படி நகர்கிறது, நிலா எங்கே போகிறது என்றெல்லாம் கேட்டார். மரங்கள் ஆடுவதால் காற்று வருகிறது, வீடுகளின் புகைதான் மேகம், நடக்கும்போது நிலாவும் கூடவே வருகிறது என்றெல்லாம் பதில்கள் வந்தன. நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டாலும் இதே பதில்கள்தான் வரும். பெரியவர்கள் உடனே திருத்தப் போய்விடுகிறார்கள். காற்றழுத்தம் பற்றி நான்கு வயதுக்கு ஒரு பிரசங்கம் நடக்கும். அதற்குப் பதில் ஒரு பனையோலை விசிறியைக் கையில் கொடுத்துப் பார்க்கலாம். மரமே இல்லாத அறையில், தானே வீசித் தானே காற்றை வரவழைத்த பிறகு, மரம்தான் காற்றைக் கொண்டுவருகிறது என்ற எண்ணம் தானாக ஆட்டம் காணும்.

இந்த வழி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டனுக்கு எதிரி நாட்டவராகிவிட்டார். நினைத்தபோது ஊர் திரும்ப முடியவில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்தார். அங்கே அவரும் மகன் மாரியோவும் இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்னவும் சின்னஞ்சிறு பிள்ளைகளோடு மலையில் கிடைத்த செடியையும் இலையையும் பூச்சியையும் பாடப்பொருளாக்கினார்கள். இயற்கையை மையமாகக் கொண்ட அவரது பிற்காலக் கல்விச் சிந்தனையில் அந்த மலையூருக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதி மாட்டிய பள்ளிகளில் பிளாஸ்டிக் பனித்துகள்கள் தொங்குவதைக் கண்டால் அந்த அம்மாள் என்ன சொல்லியிருப்பாரோ.

சரி, என்ன செய்யலாம்? மழையிலிருந்தே தொடங்கலாம்.

அடியிலிருந்து மேல்வரை ஒரே அகலமுள்ள கண்ணாடி ஜாடியோ பிளாஸ்டிக் டப்பாவோ ஒன்று போதும். தண்ணீர் பாட்டிலை வெட்டினால் அடிப்பகுதி வளைந்திருக்கும். அதில் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். மழை நின்றதும் குழந்தை நீல நிறக் காகித நாடாவைத் தண்ணீரின் உயரத்துக்கு வைத்துப் பார்க்கும், டீச்சர் வெட்டித் தருவார், குழந்தையே சுவரில் ஒட்டும். மில்லிமீட்டர் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. மறுநாள் இன்னொரு நாடா. நவம்பர் முடிவதற்குள் சுவரில் குட்டையும் நெட்டையுமாக ஒரு வரிசை எழும். எந்த நாள் பெரிய மழை, எந்த நாள் தூறல் என்று குழந்தையே விரல் வைத்துக் காட்டும். எழுத்தறியாத பிள்ளைகள் வரைபடம் படிக்கிறார்கள் என்பதை அவர்களிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பாத்திரம் நேராக இருந்தால் அதன் அகலம் எவ்வளவு என்பது பிரச்சினையே இல்லை. நிற்கும் தண்ணீரின் உயரம்தான் மழையளவு. களஞ்சியத்தின் முன் மழையளக்கும் பாத்திரம் வைக்கச் சொல்கிறது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். கொரியாவில் மன்னர் சேஜோங் காலத்தில், 1440-களில், நாடெங்கும் ஒரே அளவுள்ள மழைமானிகளை வைத்தார்கள். அந்த வேலையைத்தான் அங்கன்வாடி வாசலில் ஒரு கண்ணாடி ஜாடி செய்யப்போகிறது.

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் பெய்த மழை சுமார் 95 சென்டிமீட்டர். மூன்று வயதுக் குழந்தையின் சராசரி உயரமும் ஏறத்தாழ அதுதான். 95 செ.மீ. நீளத்துக்கு நீல நாடா ஒன்றை வெட்டிச் சுவரில் ஒட்டி, பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பக்கத்தில் நிற்கவைத்தால், அந்த ஒரு நாள் மழை எவ்வளவு பெரிது என்பது அவர்களுக்குப் புரியும். செய்தியில் வெறும் எண்ணாகப் படித்த பெரியவர்களுக்கும் அப்போதுதான் புரியும்.

மழை நின்ற பின் முற்றத்துக் குட்டையைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடலாம். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும், சாப்பாட்டுக்குப் பின் மறுபடியும். கோட்டுக்குள் கோடாகக் குட்டை சுருங்குவது தெரியும். தண்ணீர் எங்கே போயிற்று? நாய் குடித்துவிட்டது, மண் குடித்துவிட்டது, சூரியன் குடித்துவிட்டது. எல்லாப் பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். வீட்டில் அம்மாவோ அப்பாவோ இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும்போது, எட்ட நின்று, அதன் உட்புறத்தில் தொங்கும் துளிகளைப் பார்க்கச் சொன்னால், மீதிப் பதில் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேரும்.

இடிக்குப் பயப்படும் பிள்ளைக்கு எண்ணுவது நல்ல துணை. மின்னல் வெட்டியதும் வீட்டுக்குள் இருந்தபடியே ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்ல வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று நொடி. ஆறு எண்ணியபின் இடித்தால் இடி இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால். கணக்குப் புரியாவிட்டாலும், எண்ணிக்கொண்டிருக்கும் குழந்தை அழுவதில்லை.

ஆடி மாதம் காற்றுக்கு. அம்மியே பறக்கும் என்று சொல்லிவைத்த மாதத்தில் எல்.கே.ஜி. வகுப்பு ஜன்னலைச் சாத்திக்கொண்டு காற்றாடிப் படத்துக்கு வண்ணம் தீட்டுவது அநியாயம். பழைய சேலைக் கிழிசலை ஒரு குச்சியில் கட்டிப் பிடித்தால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். பனையோலையில் இரண்டு துண்டைக் குறுக்காக முடைந்து, நடுவில் கருவேல முள் குத்திய காற்றாடி தென்மாவட்டத்துத் தாத்தாக்களுக்கு இன்னும் கைவரும். முள் குத்தும் வேலை தாத்தாவுடையது, ஓடும் வேலை பேரனுடையது. ஆரல்வாய்மொழி, உடுமலை, பல்லடம் பக்கத்துப் பிள்ளைகள் பஸ் ஜன்னலில் பார்க்கும் பிரம்மாண்டக் காற்றாலைகளும் இதே காற்றில்தான் சுற்றுகின்றன என்று சொன்னால் கண் விரியும்.

மீனவக் கிராமங்களில் இந்தப் பாடத்தை டீச்சரே பிள்ளைகளிடம் கற்றுக்கொள்ளலாம். வாடை, கொண்டல், கச்சான் என்ற காற்றுப் பெயர்களெல்லாம் அவர்கள் வீட்டுப் பேச்சில் தினமும் அடிபடுபவை. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளோ கூம்பும் உருளையுமான வடிவங்கள். கறுப்புக் காகிதத்தைச் சுருட்டிக் கூம்பும் உருளையும் செய்து கயிற்றில் தொங்கவிட்டால் வடிவப் பாடமும் ஆயிற்று, கடற்கரையில் பிறந்த பிள்ளை வாழ்நாள் முழுக்கப் பார்க்கப்போகும் ஒரு சின்னமும் அறிமுகமாயிற்று. வானிலைத் துறை பயன்படுத்தும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளையும் நிறம் கற்கும் வயதிலேயே சொல்லிவைக்கலாம். சிவப்பு என்றால் லீவு என்று மட்டும் தெரிந்த தலைமுறைக்கு, சிவப்பென்றால் தண்ணீர்ப் பக்கம் போகக்கூடாது என்பதும் தெரியட்டும்.

கோடைக்கு நுங்கு வண்டியை விடச் சிறந்த கைவினை எந்தப் புத்தகத்திலும் இல்லை. தின்று முடித்த இரண்டு கோந்தைகளை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓட வேண்டியதுதான். இன்னொரு விளையாட்டு நிழலோடு. காலையில் குழந்தையை நிற்கவைத்து அதன் நிழலைச் சாக்பீஸால் வரைந்து, மதியம் அதே இடத்தில் நிற்கவைத்து மறுபடி வரைய வேண்டும். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 தேதிகளையொட்டிச் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது; செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே விழாது. பனிமனிதன் செய்யும் நாடுகளின் குழந்தைகளுக்கு இது ஒருபோதும் கிடைக்காது. சூரியன் உச்சிக்கு வருவது கடக, மகர ரேகைகளுக்கு இடைப்பட்ட ஊர்களில் மட்டும்தான்.

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்று பெயரிலேயே விளையாட்டை வைத்த பாடத்திட்டம் அவற்றுக்கு உண்டு. வானிலைப் பகுதியை மட்டும் மாவட்டத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள அரசு இடம் தர வேண்டும். ஜூலையில் நீலகிரியின் தேவாலாவில் மழை ஓயாது; அதே ஜூலையில் ராமநாதபுரம் காய்ந்து கிடக்கும். இரண்டுக்கும் ஒரே அட்டவணை எப்படிப் பொருந்தும்? இணைப்புத் தாள்களோ பயிற்சி முகாம்களோ பெரிதாகத் தேவையில்லை. சமையல், எடை பார்ப்பது, பதிவேடு என்று ஏற்கெனவே மூச்சுவாங்கும் பணியாளர்மீது புதிதாக ஒரு ரிப்போர்ட்டை மட்டும் சுமத்தாமல் இருந்தால் சரி.

தனியார் பள்ளிகளின் சிக்கல் வேறு. அங்கே கைவினை என்பது வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகும் போட்டோ. அழகாக வர வேண்டும் என்பதற்காக டீச்சரே வெட்டுகிறார், டீச்சரே ஒட்டுகிறார். வீட்டுக்கு அனுப்பினாலோ இரவு பதினோரு மணிக்கு அம்மா பஞ்சு ஒட்டுகிறார். குழந்தைக்குக் கிடைப்பது கடைசியில் கையில் பிடித்துச் சிரிக்கும் வேலை. கோணல்மாணலாக ஒட்டிய நீல நாடா போட்டோவில் எடுபடாதுதான். பனிக்காக வாங்கும் தெர்மாகோலைப் பற்றியும் ஒரு வார்த்தை: அலங்காரத் தெர்மாகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை இருக்கிறது. அதன் உருண்டைகள் வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும் போகும் ஆபத்து வேறு.

மழையை இன்னொரு நாள் வரச்சொல்லித் துரத்தும் ஆங்கில நர்சரிப் பாட்டைப் பற்றிப் பலர் புலம்பியாயிற்று. ஜோலார்பேட்டையிலிருந்து 2019 ஜூலையில் ரயிலில் தண்ணீர் வந்திறங்கிய சென்னையில் அதை இன்னும் பாடிக்கொண்டிருப்பதும் ஒரு வேடிக்கைதான்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டி. அதற்குள் ஒரு ஜாடியைக் கழுவி, கூரைத் தண்ணீரும் மரக்கிளைத் தண்ணீரும் சொட்டாத திறந்தவெளியில், கவிழாதபடி செங்கல்லுக்கு நடுவே வைத்துவிடலாம். வானிலைத் துறை ஒரு நாள் மழைக் கணக்கை முடிப்பது காலை 8.30 மணிக்கு, பிள்ளைகள் பையோடு வந்து சேரும் நேரம். மறுநாள் நாளிதழில் ஊர்வாரியாக மழையளவு வரும். வகுப்பு நாடாவுக்கும் அச்சான எண்ணுக்கும் வித்தியாசம் இருந்தால் பெற்றோர் பதற வேண்டாம். ஒரே ஊரில் தெருவுக்குத் தெரு மழை மாறும், தங்கள் வாசலில் பெய்ததைப் பிள்ளைகள்தான் அளந்திருக்கிறார்கள்.