பாதி அணை

மாதம் பிறந்தால் எனக்கு இரண்டு விஷயங்கள் தவறாமல் வந்து சேரும். ஒன்று, வீட்டு வாடகை. இன்னொன்று, பவர் பிஐக்குப் புது அப்டேட். வாடகையாவது வருஷத்துக்கு ஒரு தரம்தான் ஏறுகிறது. அப்டேட் வந்தாலோ, போன மாதம் இடது பக்கம் இருந்த பட்டன் வலது பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு, 'யார் நீ?' என்று பார்க்கும்.

ஆபீஸில் வேலை பார்க்கும் உங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். மூட்டை மூட்டையாகக் கிடக்கிற கணக்கைக் கலர் படமாக்கிக் காட்டும் சாஃப்ட்வேர். மைக்ரோசாஃப்ட் 2015-ல் பவர் பிஐயைச் சந்தைக்கு விட்டது. நம்ம ஸோஹோவிடமும் அனலிடிக்ஸ் இருக்கிறது. இப்போதைய விசேஷம், பட்டனே தேட வேண்டாம். 'எந்த ஊரில் விற்பனை படுத்தது?' என்று இங்கிலீஷில் டைப் அடித்தால், படமும் போட்டு, கீழே நாலு வரி விளக்கமும் தருகிறது. பவர் பிஐயில் இதற்கென்று 'கோபைலட்'டை 2023-ல் அறிவித்தார்கள். பி.காமில் மூன்று வருஷம் நான் எதற்குப் படித்தேன் என்பதுதான் புரியவில்லை.

இந்த வித்தையை வைத்துக்கொண்டு 2024 கோடையின் ஆரம்பத்தில் அம்மாபேட்டை பக்கம் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவருக்குப் போர்செட் கிடையாது. ஆற்றுத் தண்ணீரை நம்பி மூன்று ஏக்கர். குறுவைக்கு நாற்று விடலாமா என்று யோசனையில் இருந்தார். செலவுக்குச் சித்தியின் சங்கிலி பாங்குக்குப் போகவேண்டும்.

"கவலையே வேணாம் சித்தப்பா" என்று லாப்டாப்பைத் திறந்தேன். பேப்பரில் தினமும் வரும் மேட்டூர் நீர்மட்டத்தை ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்தேன். முழு உயரம் 120 அடி. அன்றைக்குச் சுமார் 60. ஸ்கூட்டர் மீட்டர் மாதிரி ஒரு படம். முள் கச்சிதமாக நடுவில் நின்றது. "பாருங்க, அணை பாதி இருக்கு. தைரியமா விடுங்க."

சித்தப்பா முள்ளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். உள்ளே போய் எண்ணெய் ஊற்றும் புனலை எடுத்து வந்தார்.

"ஏண்டா, இதுல பாதி உசரத்துக்குத் தண்ணி ஊத்தினா பாதித் தண்ணியாவா இருக்கும்?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. ஆற்றுப் பள்ளத்தை மறித்துக் கட்டிய அணை. அடியில் குறுகல், மேலே போகப் போக அகலம். முழுசாக நிரம்பினால் 93.47 டி.எம்.சி. 60 அடியில் சுமார் 25தான். பாதியும் இல்லை, கால்வாசிக்குச் சற்று மேல். அதிலும் குடிதண்ணீருக்கு ஒதுக்கவேண்டும்.

"அடியை வச்சு பேசுறவன் டவுன்காரன். டி.எம்.சி.யை வச்சு பேசுறவன்தான் விவசாயி" என்று புனலைச் சித்தியிடம் கொடுத்துவிட்டார்.

அந்த வருஷம் ஜூன் 12-ந் தேதி மேட்டூர் திறக்கவில்லை. கர்நாடகத்தில் மழை கொட்டி, ஜூலை 28-ந் தேதிதான் திறந்தார்கள். ஆற்றை மட்டும் நம்பியிருந்தவர்களுக்குக் குறுவை போயிற்று. சித்தப்பா சம்பா மட்டும் போட்டார். சங்கிலி சித்தி கழுத்திலேயே இருந்தது. என் பேச்சைக் கேட்டிருந்தால்? அந்த வீட்டில் எனக்கு இன்னும் காபி கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

சாஃப்ட்வேரைக் குறை சொல்ல முடியாது சார். நான் தேதி, அடி என்று இரண்டு காலம்தான் கொடுத்தேன். அது அந்த இரண்டுக்கும் சரியாகப் பதில் சொன்னது. 'தம்பி, மூன்றாவது காலம் எங்கே?' என்று கேட்க அதற்குச் சித்தப்பா இல்லை. நாளைக்கு மானேஜர் முன்னால் 'ஐம்பது பர்சென்ட்' என்று படம் காட்டும்முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள்: எதில் ஐம்பது?

இப்போது நீர் இருப்பையும் சேர்த்துவிட்டேன். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஈமெயில் அனுப்பும் 'அலர்ட்' வசதியும் போட்டிருக்கிறேன். முதல் அலர்ட் வந்ததும் சித்தப்பாவுக்கு ஆவலாகப் போன் அடித்தேன்.

"தண்ணி நம்ம வாய்க்காலுக்கே வந்தாச்சுடா. வந்து காலை நனைச்சுட்டுப் போ" என்றார்.