பெரிய பம்பா, நம்பத்தக்க பம்பா?



பம்பு வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? "எத்தனை எச்.பி.?" என்றுதான். குதிரைத்திறன் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். வீட்டின் கீழ்த்தளத்தில் புகும் மழைநீரை வெளியேற்றும் பம்பைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை சரியில்லை என்பது என் கருத்து. ஏன் என்று சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

"எங்கள் வீட்டில் கீழ்த்தளமே இல்லையே" என்று நீங்கள் சொல்லலாம். உங்கள் தெருவைச் சற்றுக் கவனியுங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச்சாலை போட்டால், ஒவ்வொரு முறையும் தெரு உயர்கிறது. வீடு அப்படியே இருக்கிறது. நாளடைவில் வீட்டின் தரையே தெருவுக்குக் கீழே போய்விடுகிறது. அந்த வீட்டுக்கும் முற்றத்தின் ஓரத்தில் ஒரு குழியும், அதில் சேரும் நீரை வெளியே தள்ள ஒரு பம்பும் தேவைப்படும். நம் ஊர்களில் சம்ப் என்றால் குடிநீர்த் தொட்டி. நாம் பேசுவது அதைப் பற்றியல்ல, வேண்டாத நீர் சேரும் குழியைப் பற்றி.

இப்போது கணக்கு. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. 100 சதுர மீட்டர் பரப்பில் 40 சென்டிமீட்டர் மழை விழுந்தால் எவ்வளவு நீர்? 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர். 24 மணி நேரத்துக்கு வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 28 லிட்டர். மழை ஒரே சீராகப் பெய்வதில்லை. ஆகவே நான்கு மடங்காக, நிமிடத்துக்கு 112 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீரை 3 மீட்டர் உயர்த்த வேண்டும். குழாயின் உராய்வுக்காக இன்னும் 1 மீட்டர் சேர்ப்போம். 112 கிலோகிராம் நீரை ஒரு நிமிடத்தில் 4 மீட்டர் உயர்த்தத் தேவையான திறன் சுமார் 73 வாட். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். தேவை அதில் பத்தில் ஒரு பங்குதான்! மோட்டாரிலும் பம்பிலும் மின்சாரத்தின் முக்கால் பங்கு வீணாகிறது என்று கொண்டாலும் 300 வாட் போதும். அரைக் குதிரைத்திறன் பம்பு ஒன்றே இந்த வேலையைச் செய்துவிடும்.

"பெரிதாக வாங்கினால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்பீர்கள். பெரிய பம்பு சிறிய குழியை நொடியில் காலி செய்துவிட்டு நின்றுவிடும். குழி நிறைந்ததும் மறுபடி ஓடும். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம், ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு. அடிக்கடி கிளம்பினால் கம்பிச்சுருள் சூடேறிக் கருகும். மின்சாரம் நின்றபின் இன்வெர்ட்டரில் ஓட்டவும் சிறிய பம்புதான் எளிது.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது குதிரைத்திறனை அல்ல. "4 மீட்டர் உயரத்துக்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும்?" என்று கேளுங்கள். பம்பின் மீதுள்ள தகட்டில் உயரமும் நீரின் அளவும் பொறித்திருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, நீருக்குள் மூழ்கி நிற்கும் பம்பா, மேலே நிற்கும் பம்பா? மேலே நிற்பது நீரை உறிஞ்ச வேண்டும். அதனுள் காற்று புகுந்துவிட்டால் யாராவது நீர் ஊற்றி நிரப்பினால்தான் ஓடும். நள்ளிரவு மழையில் யார் ஊற்றுவது? மூழ்கி நிற்பதற்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன் மோட்டாருக்குள் நீர் புகக் கூடாதே! சுழலும் தண்டு வெளியே வரும் இடத்தில் நீரை எப்படித் தடுப்பது? பல பம்புகளில் அங்கே வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட இரண்டு வளையங்கள் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கும். ஒன்று கார்பன், மற்றொன்று பெரும்பாலும் பீங்கான் வகை. ஆம், விருத்தாசலத்துப் பிள்ளைகளே, உங்கள் ஊர்ச் சூளைகளில் வேகும் பொருளின் உறவினர்தான்! அலுமினா என்ற அந்தப் பீங்கான் எளிதில் தேயாது, துருப்பிடிக்காது. ஆனால் நீரில்லாமல் பம்பு ஓடினால் வளையங்கள் சூடேறி வெடித்துவிடும். அதற்காகவே மிதவை விசை இருக்கிறது. நீர் ஏறினால் மிதவை ஏறி மோட்டாரை ஓட்டும், இறங்கினால் நிறுத்தும். குழாயில் ஏறிய நீர் திரும்பி வராதிருக்க ஒருவழி வால்வும் தேவை. மிதவையில் ஒரு பிளாஸ்டிக் பை சிக்கினால் போதும், எத்தனை விலையுயர்ந்த பம்பும் பயனற்றதாகிவிடும்.

விருத்தாசலத்துக்கு அருகில், நெய்வேலியில், இதே பாடத்தைப் பெரிய அளவில் காணலாம். 1957-ல் அங்கே பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணியை நேரு தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி தென்பட்டது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தில் அடைபட்ட நீர் இருந்தது. அது சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை மேல்நோக்கி அழுத்தியது. அதைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து நீர் பொங்கியிருக்கும். அங்கே ஒரே ஒரு ராட்சதப் பம்பை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கவில்லை. பல ஆழ்துளைகளில் இரவும் பகலும் நீரை இறைத்தார்கள்.

வீட்டிலும் அப்படியே. ஒரு பம்பு தேவையான நாளில் ஓடாமல் போகும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பம்புகளும் ஒருசேர ஓடாமல் போகும் வாய்ப்பு நூறில் ஒன்றுதான். ஆனால் ஒரு நிபந்தனை: ஒன்றின் பழுது மற்றொன்றைத் தொடக் கூடாது. இரண்டும் ஒரே மின்கம்பியை, ஒரே மிதவையை நம்பியிருந்தால் அவை இரண்டல்ல, ஒன்றுதான். வெள்ளம் வரும்போது ஆபத்தைத் தவிர்க்க மின்சாரத்தையே நிறுத்திவிடுவதும் உண்டு அல்லவா? ஆகவே, ஒரு பெரிய பம்பு வாங்கும் பணத்தில் இரண்டு சிறிய பம்புகள் வாங்குங்கள் என்பேன். இரண்டாவதற்குத் தனி மிதவை வைத்து, சற்று உயரத்தில் பொருத்தி, இன்வெர்ட்டரில் இணைக்கச் சொல்லுங்கள்.

இதில் உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. புரட்டாசியில், மழைக்கு முன்பே, பெரியவர்களை உடன் வைத்துக்கொண்டு குழியில் நீர் ஊற்றச் சொல்லிப் பாருங்கள். மிதவை எழுகிறதா? பம்பு தானாக ஓடுகிறதா? நீர் தெருவுக்குப் போகிறதா, சுவரோரமாகத் திரும்பி வருகிறதா? மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வீட்டில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: நீர் நிற்கும் அறையில், மெயின் சுவிட்சை அணைத்தார்கள் என்று உறுதியாகத் தெரியும்வரை கால் வைக்காதீர்கள். நனையும் பாயை உலர்த்திக்கொள்ளலாம், உயிரைத் திரும்பப் பெற முடியாது.