கழிவுநீருக்குக் கணக்கு உண்டு, கைகளுக்கு இல்லை

பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அதோடு விடைபெற்றது. இதழின் நிலைப்பாடு என்ன என்று வாசகர்கள் கேட்கிறார்கள். சட்டத்தொகுப்பை வரவேற்கிறோம். ஆனால் தோல் எரிச்சல் விஷயத்தில் பழைய ஓட்டை அப்படியே இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். குறிப்பிட்ட வயதைத் தாண்டிய தொழிலாளிக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை உண்டு. பணி நியமனக் கடிதம் கட்டாயம். மூன்றாம் அட்டவணையில், நேரடி எரிச்சலூட்டிகளாலும் ஒவ்வாமையூட்டிகளாலும் வரும் தொடுதோல் அழற்சி அறிவிக்கத்தக்க நோயாக நீடிக்கிறது. நிர்வாகமும் மருத்துவரும் தனித்தனியே தகவல் தர வேண்டும் என்ற கடமையும் தொடர்கிறது.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. நோயைப் பட்டியலிட்ட சட்டம், எந்தப் பொருள் எரிச்சலூட்டி என்று கண்டறியும் பொறுப்பை யார் தலையிலும் வைக்கவில்லை. 1989-ஆம் ஆண்டு அபாயகர ரசாயன விதிகளின் முதல் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். எல்டி50, எல்சி50, தீப்பற்றும் தன்மை, வெடிக்கும் தன்மை ஆகியவையே அளவுகோல்கள். தோல் சிதைவுக்கும் எரிச்சலுக்கும் அங்கே இடமில்லை. விதி 17 பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேட்கிறது. தரவுத்தாளின் நச்சியல் பகுதியான 11-ஆம் பிரிவை எதை வைத்து நிரப்புவது என்று கேட்பாரில்லை. ஜிஹெச்எஸ் எனும் உலகளாவிய ரசாயன வகைப்பாட்டைச் சட்டமாக்கியிருக்க வேண்டிய ரசாயன மேலாண்மை மற்றும் பாதுகாப்பு விதிகள் 2020-இல் வரைவாக வந்தன, வரைவாகவே தங்கிவிட்டன.

இதன் விளைவை ஹைதராபாத்தின் ஜீடிமெட்லாவில் எந்த மருந்து மூலப்பொருள் ஆலையிலும் பார்க்கலாம். மூன்றாம் ஸ்டேஜ் இடைநிலைப் பொருளின் தரவுத்தாளில் தோல் எரிச்சலுக்கு நேரே ‘தரவு இல்லை’ என்று இருக்கும். சோதித்துப் பார்த்து வரம்புக்குள் வராத பொருளும், சோதனையையே காணாத பொருளும் வேறு வேறு. ஜிஹெச்எஸ் இரண்டையும் பிரித்துக் காட்டச் சொல்கிறது. ஷிஃப்ட் சூப்பர்வைசரின் கண்ணில் இரண்டும் ஒன்றுதான்: அபாயக் குறி இல்லை, ஆகவே ஆபத்து இல்லை.

சென்ட்ரிஃப்யூஜிலிருந்து வெட் கேக்கை இறக்கும் ஒப்பந்தத் தொழிலாளியைப் பாருங்கள். கையுறையின் மணிக்கட்டு வழியே மதர் லிக்கர் உள்ளே இறங்குகிறது. டிஎம்எஃப் கலந்திருந்தால் அதுவே தோலைத் தாண்டிப் போகும். ஷிஃப்ட் முடிந்ததும் விரலில் ஒட்டிய கறையை அசிட்டோனால் துடைக்கிறார். அசிட்டோன் எரிச்சலூட்டி வகை 2-இல் இல்லை. ஆனால் திரும்பத் திரும்பப் பட்டால் தோல் வறண்டு வெடிக்கும் என்ற எச்சரிக்கை ஐரோப்பிய லேபிளில் உண்டு. வெடித்த தோலில் மறுநாள் படுவது அந்தத் ‘தரவு இல்லை’.

சோதிக்க வழியில்லை என்ற சாக்கு இனி எடுபடாது. முயலின் முதுகில் நான்கு மணி நேரம் கட்டிவைக்கும் ஓஇசிடி 404 சோதனையை நாம் கேட்கவில்லை. 2010-இல் ஏற்கப்பட்ட ஓஇசிடி 439 இருக்கிறது: மறுகட்டமைத்த மனித மேல்தோல், எம்டிடி சாய அளவீடு, உயிர்த்திறன் 50 விழுக்காடோ அதற்குக் கீழோ என்றால், தோலை அரிக்கும் பொருள் அல்லாதபட்சத்தில், வகை 2. நம் நைட்ரோ, அசோ சேர்மங்களின் நிறம் அளவீட்டைக் கெடுக்கும் என்பது உண்மை. அதற்குக் கூடுதல் கட்டுப்பாட்டுத் திசுக்களும் ஹெச்பிஎல்சி வழியும் உள்ளன. ஒரே ஒரு முறை பூசிப் பார்க்கும் இந்தச் சோதனை, மாதக்கணக்கில் சேரும் எரிச்சலைக் காட்டாது என்பதும் உண்மை. ஆனாலும் வெற்றுக் கட்டத்தைவிட அது எவ்வளவோ மேல். திசு வாங்கும் முன்பே செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. பிஹெச் 2-ஓ அதற்குக் கீழோ, 11.5-ஓ அதற்கு மேலோ இருக்கிறதா, மூலக்கூற்றில் அமிலக் குளோரைடு போன்ற தொகுதி உண்டா, ஒத்த சேர்மத்தின் பழைய தரவு கிடைக்குமா என்று ஓஇசிடியின் 2014-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த அணுகுமுறை படிப்படியாகக் கேட்கிறது. இதற்கு ஒரு வேதியியலரின் அரை நாள் போதும்.

சோதனைக்கான திசு வெளிநாட்டிலிருந்து குளிர்பெட்டியில் வருகிறது என்பது ஒரு தடைதான். அதன் ஆயுள் சில நாட்களே. சுங்கத்தில் தங்கினால் வீண். உள்நாட்டுத் திசுவை வளர்ப்பதற்கான அறிவு நம்மிடம் இல்லையா? ஹைதராபாத் சிசிஎம்பி வளாகத்தில் விலங்கில்லா மாதிரிகளுக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 2009-லேயே மகாத்மா காந்தி-டோரன்காம்ப் மையம் தொடங்கப்பட்டது. கேட்டு வாங்கும் சட்டம் இருந்தால் சந்தை உருவாகும். சந்தை உருவானால் விலை இறங்கும். அழகுப்பொருளுக்கு விலங்குச் சோதனையை 2014-இல் தடைசெய்த நாடு இது. பூசிக்கொள்பவரின் கன்னத்துக்கும் முயலின் முதுகுக்கும் விதி எழுதியவர்கள், மூலப்பொருளை அள்ளுபவரின் கைக்கு ஒரு வரி எழுதவில்லை.

ஜீடிமெட்லாவின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. டேங்கரில் வரும் கழிவுநீருக்கு சிஓடி உண்டு, டிடிஎஸ் உண்டு, பதிவேடு உண்டு. டேங்கரை நிரப்பியவரின் புறங்கைக்கு எந்தப் பதிவேடும் இல்லை. 2025 ஜூன் 30 அன்று ஹைதராபாத் அருகே பாசமைலாரத்தில் ஓர் ஆலையில் வெடிவிபத்து நடந்த பிறகு ஆய்வுக் குழுக்கள் வரிசையாக வந்தன. தூசி, டிரையர், அவசர வழி எல்லாம் பார்த்தன. பார்க்க வேண்டியவைதான். ஆனால் தோல் வெடிக்கும்போது சத்தம் வருவதில்லை. ஆகவே எந்தக் குழுவும் வருவதில்லை. இந்த இதழிலிருந்து நாம் அனுப்பிய மனுக்களுக்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதே பதில். எந்த மேசையில், யாருடைய பரிசீலனையில் என்று கேட்டால் அதற்குப் பதில் வருவதில்லை. நோய் அறிவிப்பு வரவில்லை என்பதையே நோய் இல்லை என்பதற்குச் சான்றாகக் காட்டும் துறையிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

எங்கள் கோரிக்கைகள் மூன்று. தொழிலாளியின் கை படும் எந்தப் பொருளுக்கும், பிரித்தெடுக்கும் இடைநிலைப் பொருள் உட்பட, தோல் எரிச்சல் மதிப்பீட்டை மாநில விதிகள் கட்டாயமாக்க வேண்டும். தரவு இல்லாத பொருளை, தரவு வரும் வரை வகை 2 என்றே கொள்ள வேண்டும். ரசாயனம் கையாளுபவருக்கு வயது வரம்பு பாராமல், வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே கைப் பரிசோதனை நடத்த வேண்டும்.

இரண்டாவது கோரிக்கைக்கு அரசாணை தேவையில்லை. பாதுகாப்பு அதிகாரிகளும் ஆலை மருத்துவர்களும் இந்த வாரமே தரவுத்தாள் கோப்பைத் திறந்து, 11-ஆம் பிரிவில் ‘தரவு இல்லை’ என்றிருக்கும் பொருள் ஒவ்வொன்றின் டிரம்மிலும் ஆச்சரியக்குறி லேபிளை ஒட்டலாம். தேவையில்லை என்று சொல்பவரிடம் சோதனை அறிக்கையைக் கேளுங்கள்.