இனி இறங்கித் தள்ளமாட்டோம்

"சைக்கிளப் பிளேன்ல ஏத்திக்கிட்டு ஊர் சுத்தப் போறீங்களாமே?"

ஒரு கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தோழர் இப்படிக் கேட்டார். கேள்வியா அது? குற்றப்பத்திரிகை. பக்கத்தில் நின்ற இன்னொருவர் சேர்ந்துகொண்டார்: "வேங்கைவயல்ல தண்ணித் தொட்டியில பீயக் கலந்தானுங்க. அதுக்கு நியாயம் கேக்க ஆளில்ல. இவங்க உல்லாசப் பயணம் போறாங்க."

அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. டீ ஆறிப்போனதுதான் மிச்சம். இப்போது சொல்கிறேன்.

ஆமாம் தோழர்களே, போனோம். நானும் என் தம்பியும். ரெண்டு சைக்கிள், ரெண்டு அட்டைப்பெட்டி, ரெண்டு வாரம். கட்டுநாயக்காவில் விமானம் விட்டு இறங்கி நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அனுராதபுரம், வவுனியா, ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம் வரைக்கும். மாநாட்டுக்குப் போகவில்லை. உண்மை அறியும் குழுவில் போகவில்லை. யாரும் கூப்பிடவில்லை, யாரும் காசு தரவில்லை. நான் கட்டிய சீட்டுப் பணம், தம்பி சைக்கிள் கடையில் வேலை செய்து சேர்த்த பணம். சும்மா சுற்றிப் பார்க்கப் போனோம்.

இந்தச் 'சும்மா'தான் தோழர்களுக்குப் பொறுக்கவில்லை. தோழர்களுக்கு மட்டுமா?

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது வீடு தேடி விசாரிக்க வந்த காவலர் முதலில் கேட்டது, "காலனியா?" அடுத்துக் கேட்டது, "வெளிநாட்டுல வீட்டு வேலைக்கா?" எம்.ஏ. தமிழ் என்றேன். "அப்ப எதுக்குப் போறே?" என்றார். வேலைக்கு என்று சொல்லியிருந்தால் அவருக்குச் சந்தேகமே வந்திருக்காது.

நம்ம சனம் கடல் தாண்டாத சனமில்லை. 19ஆம் நூற்றாண்டில் கங்காணி பின்னால் இதே இலங்கைக்குத்தான் போனது. முதலில் காப்பித் தோட்டம், பிறகு தேயிலைத் தோட்டம். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் போகிற வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அப்படிப் போனவர்களில் பெரும்பகுதி நம்மவர்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்களை 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் பங்கு பிரித்து, லட்சக்கணக்கில் மூட்டை முடிச்சோடு திருப்பி அனுப்பவைத்தது. கூலிக்குப் போயிருக்கிறோம். பஞ்சம் பிழைக்கப் போயிருக்கிறோம். வீடு எரிகிறபோது ராத்திரியோடு ராத்திரியாக ஓடியிருக்கிறோம். எதற்கென்று கேட்டால் "சும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறோமா?

அதுவும் சைக்கிளில்?

எங்க ஊர் புதுக்கோட்டைச் சீமை. அப்பா கொத்தனார். வேலைக்குப் போக ஒரு பழைய சைக்கிள் வைத்திருந்தார். காலனியிலிருந்து ரோட்டுக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டும். தெருமுனை வந்ததும் இறங்கிவிடுவார். தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு வந்துவிடும். தள்ளிக்கொண்டே போவார். கேரியரில் உட்கார்ந்திருக்கும் நானும் இறங்கி நடக்கணும். கடைசி வீடு தாண்டின பிறகுதான் மறுபடி ஏறுவோம். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "நாலு எட்டு நடந்தா காலா தேஞ்சிரப் போவுது?" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

1991 – 92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் வரிசையாகச் சைக்கிளில் போகிற படங்கள் உலகமெல்லாம் போயின. பெண் விடுதலைக்கு அது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. எங்கம்மாவும் அப்போதுதான் கற்றுக்கொண்டாள், பள்ளிக்கூடத்து மைதானத்தில், முட்டியெல்லாம் சிராய்ப்போடு. ஆனால் மைதானம் வேறு, ஊர்த்தெரு வேறு. அதே தெருமுனையில் அம்மாவும் இறங்கித்தான் தள்ளினாள். அந்தப் படத்தை யாரும் எடுக்கவில்லை.

இந்த வீட்டுப் பிள்ளைகள் ரெண்டு பேர் சைக்கிளை விமானத்தில் ஏற்றப் போகிறோம் என்றால், அது வெறும் உல்லாசமா தோழரே?

பெட்டி கட்டியது தம்பி. கடைக்குப் புதுச் சைக்கிள் வந்த அட்டைப்பெட்டிகளில் ரெண்டைக் கிழியாமல் எடுத்து வைத்திருந்தான். முந்தின நாள் ராத்திரி வீட்டு வாசலில் வேலை நடந்தது. முன் சக்கரத்தைக் கழற்றி, துணி சுற்றி, பிரேமோடு கட்டினான். முன் கவட்டை நசுங்காமல் இருக்க நடுவில் ஒரு கட்டையைக் கொடுத்தான். ஹேண்டில்பாரைத் திருப்பி பிரேமை ஒட்டிப் படுக்கவைத்தான். பின்னால் தொங்குகிற கியரை அவிழ்த்து உள்பக்கமாக மடக்கிக் கட்டினான். பெடலை நான் கழற்றப் போனேன். ஸ்பானரை வாங்கிக்கொண்டான். "எடப்பக்கப் பெடலுக்கு மறை எதிர்ப்பக்கம்க்கா. நீ சாதாரணமாத் திருப்புனா இன்னும் இறுகத்தான் செய்யும்."

பஞ்சர் ஒட்டுகிற சொலூசனைப் பெட்டியில் வைக்கவில்லை, தீப்பிடிக்கிற சாமான். போன ஊரில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். டயரில் காற்றை இறக்கணும் என்பது விமானக் கம்பெனியின் விதி. தம்பி சிரித்தான். "சாமான் அறையிலயும்தான் காத்தழுத்தம் வச்சிருக்கான். டயரு எப்பிடிக்கா வெடிக்கும்?" ஆனாலும் பாதிக் காற்றை இறக்கினான். விதி என்றால் நம்மிடம்தான் முழுசாகச் செல்லுபடியாகும் என்பது அவனுக்கும் தெரியும்.

நினைத்தபடியே நடந்தது. சீட்டு வாங்கும்போது, சைக்கிளைப் பெட்டியில் கட்டி எடைக்குள் கொண்டுவந்தால் போதும் என்று போனில் சொல்லியிருந்தார்கள். கவுண்டரில் இருந்தவர் பெட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "யாரோட சைக்கிள்?" எங்களுடையது என்றோம். "எந்த கிளப்பு?" கிளப் இல்லை. "போட்டிக்கா?" இல்லை. "பின்னே?" சும்மா, சுற்றிப் பார்க்க. ஓரமாக நிற்கச் சொன்னார். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எங்கள் சைக்கிள் நீளத்துக்கு கோல்ப் பைகளோடு வந்தார்கள். அவர்களிடம் யாருடையது என்றும் கேட்கவில்லை, எந்த கிளப் என்றும் கேட்கவில்லை. பைகள் பெல்ட்டில் ஏறிப் போய்விட்டன. ஒரு மணி நேரம் நின்றோம். கடைசியில் தம்பி, அவர்களுடைய விதியையே அச்சடித்துக் கொண்டுவந்திருந்த தாளை எடுத்து நீட்டினான். படித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் சீட்டு ஒட்டினார்.

சாதி கேட்டாரா? கேட்கவில்லை. கேட்காமலே நிறுத்தத் தெரிந்தவர்களைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் லட்ச ரூபாய்ச் சைக்கிளில் போகிறவர்களை நிறுத்தி "எதுக்கு?" என்று யாராவது கேட்பதுண்டா? அவர்களிடம் அது பொழுதுபோக்கு, உடல்நலம், சாகசம். நம்மிடம் இருந்தால், ஒன்று திருட்டு, இல்லையென்றால் துரோகம். வெளியில் இருக்கிறவன் முதலாவதைச் சொல்கிறான். நம்ம தோழர் ரெண்டாவதைச் சொல்கிறார்.

துரோகமா? அம்பேத்கரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். 1934. பூனா ஒப்பந்தத்தின் காயம் ஆறாத காலம். இயக்கத் தோழர்கள் சிலர் சுற்றுலா போக ஆசைப்பட்டார்கள். நீங்களும் வந்தால் போகலாம் என்றார்கள். 'நாடு கெட்ட கேட்டுக்குச் சுற்றுலாவா?' என்று அவர் கேட்கவில்லை. வருகிறேன் என்றார். வேருல் என்கிற எல்லோராவில் பௌத்தக் குகைகளைப் பார்க்க ஏறக்குறைய முப்பது பேர் கிளம்பினார்கள். வழியில் தௌலதாபாத் கோட்டை. புழுதி படிந்த முகத்தை அங்கிருந்த குளத்துத் தண்ணீரில் கழுவியதற்கு, குளம் தீட்டுப்பட்டுவிட்டது என்று கூட்டம் கூடி வசைபாடியது. இதை அவர் எழுதிவைத்த சிறுநூலின் பெயர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. பெயரைக் கவனியுங்கள். அதில் 1901இல் சாதி தெரிந்ததும் சிறுவன் பீமராவை ஏற்றிப்போக மறுத்த மாட்டுவண்டிக்காரர் வருகிறார். 1929இல் சாலிஸ்காவில் பாரிஸ்டர் அம்பேத்கருக்குக் குதிரைவண்டி ஓட்ட மறுத்தவர்கள் வருகிறார்கள். ஓட்டத் தெரியாத நம்ம ஆள் ஒருவர் ஓட்ட, வண்டி கவிழ்ந்து அவர் கால் முறிந்தது. சாதி நம்மை எங்கே பிடித்து நிறுத்துகிறது என்று சொல்ல வந்தவர், வழிப்பயணத்தைத்தான் முதலில் எடுத்துப் பேசினார்.

சைக்கிளுக்கும் இந்த வரலாறு உண்டு. அமெரிக்காவில் சைக்கிள் ஓட்டுவோர் சங்கம் 1894இல் கறுப்பர்களுக்கு உறுப்பினர் உரிமை கிடையாது என்று விதி போட்டது. மேஜர் டெய்லர் என்ற கறுப்பர் 1899இல் மாண்ட்ரியலில் உலகச் சாம்பியன் ஆனார். சொந்த நாட்டில் அவரை ஓட்டவிடாமல் இடித்தார்கள், தள்ளினார்கள். 1901இல் அவர் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய் ஓட்டினார், ஜெயித்தார். அந்தச் சங்கம் தன் நிறத்தடையை முறைப்படி விலக்கியது எப்போது தெரியுமா? 1999இல். டெய்லர் ஏழையாகச் செத்து 67 வருசம் கழித்து.

நம்ம பக்கத்திலும் ஆள் இருக்கிறார். ஒரிசாவின் தலித் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த ஓவியர் பி.கே. மகாநந்தியா. ஸ்வீடனில் இருந்த தன் துணையைப் பார்க்க விமானச் சீட்டுக்குக் காசில்லை. 1977இல் தில்லியிலிருந்து சைக்கிளில் கிளம்பினார். ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி என்று போய் ஐரோப்பாவை எட்டினார். அவரிடம் போய் 'போராட்டத்தை விட்டுட்டுக் காதலா?' என்று கேட்பீர்களா?

இலங்கையில் சாதி இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 1966 அக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனவர்கள் தேநீர்க் கடையிலும் கோயிலிலும் நுழையத்தான் ரத்தம் சிந்தினார்கள். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் அடிபட்டார்கள். 'பஞ்சமர்' எழுதிய கே. டானியல் அந்த மண்ணின் பிள்ளை. 1986இல் தஞ்சாவூரில் இறந்து, அங்கேயே புதைக்கப்பட்டார். அவர் எழுதிய ஊர்களைச் சைக்கிளில் பார்க்கணும் என்பது என் பல வருச ஆசை. ஆராய்ச்சிக்கு இல்லை. பார்க்கத்தான்.

கட்டுநாயக்காவில் இறங்கியபோது இன்னும் விடியவில்லை. வெளியே ஓரமாக உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தோம். தம்பி சக்கரத்தை மாட்டி, கோட்டம் பார்த்து, பெடலை முடுக்கி, காற்றடித்து முடிக்க ஒரு மணி நேரம். கிழக்கு வெளுக்கும்போது நீர்கொழும்புச் சாலையில் ஏறினோம்.

கொஞ்ச தூரத்தில் ஒரு தெரு. ரெண்டு பக்கமும் ஓட்டு வீடுகள், முனையில் ஒரு சின்னக் கோயில். வாசலில் ஆட்கள். என் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. கால் தரையில் ஊன்றிவிட்டது. இறங்கி நிற்கிறேன். யாரும் என்னை நிறுத்தவில்லை. ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டுப் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க்கா எறங்குன?" என்றான் தம்பி.

"ஒண்ணுமில்லடா" என்றேன். ஏறி மிதித்தேன். தெரு முடிகிறவரை கால் நடுங்கியது.

வேங்கைவயலுக்காக நானும் நின்றிருக்கிறேன், தோழரே. நாளைக்கும் நிற்பேன். ஆனால் நம்மைச் செத்தவர்களாக, அடிபட்டவர்களாக, அழுகிறவர்களாக மட்டுமே பார்க்கப் பழகிய கண்கள் இருக்கின்றன. அந்தக் கண்ணால் நாமே நம்மைப் பார்க்க வேண்டாம். கடல் தாண்டிப் போயும் என் கையைப் பிரேக் பிடிக்கவைத்தது எதுவோ, அதுதான் நம் எதிரி. துண்டறிக்கை படித்து அது என்னை விட்டுப் போகவில்லை. ரெண்டு வாரம் தெருத்தெருவாக இறங்காமல் மிதித்ததில் கொஞ்சம் விட்டிருக்கிறது.

பெட்டிகளை மடித்து வைத்திருக்கிறோம். அடுத்துப் போகிறவர்கள் வாங்கிக்கொள்ளலாம். இடப்பக்கப் பெடலை எப்படிக் கழற்றுவதென்று தம்பி சொல்லித் தருவான். எதுக்குப் போறீங்க என்று யாராவது கேட்டால், காவலராக இருந்தாலும் தோழராக இருந்தாலும், ஒரே பதிலைச் சொல்லுங்கள்.

சும்மா.